எண்பத்தாறாம் பிளாக்கில் ஒரு தீவு

பெரும்பாக்கத்தில், எண்பத்தாறாம் பிளாக்கின் கீழே,
அங்கன்வாடிச் சுவருக்கு ஒரு தீவு வேண்டுமாம்.
ஒப்பந்தக்காரர் வாட்சப்பில் படம் அனுப்பினார்,
மங்கலாக:
கடல் நடுவே ஒற்றை மலை.
பெயர் நார்கொண்டம்.
இரண்டு நாள் கூலி. பெயிண்ட் அவருடையது,
ஏணி என்னுடையது.

முதலில் கடலை அடித்தேன்.
நீலம் காய்வதற்குள் ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள்,
ஒருவன் டவுசர் இல்லாமல்.
"ஏரியாக்கா?"
கடல்.
"மெரினாவா?"
இங்கிருந்து கப்பலில் மூன்று நாள்,
அப்புறம் இன்னொரு படகு.
"நாங்க மெரினாகிட்டதான் இருந்தோம்,
இங்க வர்றதுக்கு முன்ன," என்றாள் எஸ்தர்.
அதற்கு மேல் யாரும் அதைப் பேசவில்லை.
டேங்கர் லாரி வந்து, பாதிப் பேர்
குடத்தோடு ஓடிப்போனார்கள்.

மலைக்குப் பச்சை.
எரிமலையாக இருந்தது என்றேன்.
"செத்துடுச்சா, தூங்குதா?"
எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொன்னேன்.
அதற்காகவே கொஞ்சம் கிட்ட வந்து உட்கார்ந்தார்கள்.

மதியத்துக்கு மேல் பறவை.
இருவாச்சி. வளைந்த அலகு, வெள்ளை வால்,
தொண்டையில் வெளிர் நீலப் பை.
ஆணுக்குக் கழுத்து கடுந்தேநீர் நிறம்;
டப்பாவில் அந்த நிறமில்லை,
செங்கல் சிவப்பில் கறுப்பைக் கலந்தேன்.
பெண்ணுக்கு வெறும் கறுப்பே போதும்.

இந்தப் பறவை காட்டில் வாழ்வது
உலகத்திலேயே இந்தத் தீவில் மட்டும்தான்.
"பள்ளிக்கரணைல?"
இல்லை.
"துபாய்ல?"
இல்லை.
"சொந்தக்காரங்க யாருமே இல்லியா அதுக்கு?"
இருக்கிறார்கள், மேற்குத் தொடர்ச்சி மலையில்,
பர்மா காட்டில். தூரத்துச் சொந்தம்.
"கல்யாணத்துக்குக்கூட வராதா?"
நடுவில் அவ்வளவு தண்ணீர்.

புவன் மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டான்:
"யாராச்சும் கொண்டாந்து வுட்டாங்களா?"
யாரும் விடவில்லை. எப்போதோ
அதன் பாட்டன் பூட்டன் பறந்து வந்ததுதான்.
"தானாவா?"
தானாக.
"அப்ப சரி," என்றான்.

அடிமரத்தில் ஒரு பொந்து வரைந்தேன்.
முட்டையிடும் காலம் வந்தால் பெண் உள்ளே போய்
வாசலை அடைத்துக்கொள்ளும்,
ஒரு கீற்று மட்டும் விட்டு.
ஆண் அத்திப்பழம் கொண்டுவந்து
கீற்று வழியாக ஊட்டும்.
எத்தனை நாள்?
குஞ்சு தேறும்வரை.

யாரும் சிரிக்கவில்லை.
அதுவரை வாயே திறக்காத ரக்சனா சொன்னாள்:
"எங்க வூட்லயும் அப்டிதான்.
அம்மா கம்பெனிக்குப் போறப்ப பூட்டிடும்.
பக்கத்து வூட்டு அக்கா கம்பில கைய வுட்டு
பிஸ்கட் குடுக்கும்."
பிறகு, தனக்கே சொல்வதுபோல,
"ஆனா இது உள்ளேர்ந்து பூட்டிக்குது."

பிரஷ்ஷிலிருந்து கறுப்பு சொட்டியது,
கடலில்.

"சந்து சின்னதா கீது. பெருசா போடு."
பெரிதாக்கினால் உடும்பு நுழையும் என்றேன்.
யோசித்தாள்.
"அப்ப கண்ணு மட்டும் போடு.
உள்ள ஆள் கீதுன்னு தெரியணும்ல."

போட்டேன். ஒரு கண்,
சுற்றி மஞ்சள் வளையம்.
சாயங்காலம் ஒப்பந்தக்காரர் செல்போனைத் தூக்கிப் பிடித்து
சுவரையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.
இதில் கண் இல்லையே என்றார்.
படம் மங்கல் சார் என்றேன்.

மறுநாள் காலை
ஏணியை இறக்கும்போது பார்க்கிறேன்:
கீற்றில், காயாத எனாமலில்,
சின்னக் கை எட்டும் உயரத்தில்
பாதி மாரி பிஸ்கட் ஒட்டியிருக்கிறது.
அந்தக் கடல் முழுக்கக் குறுக்கே,
நான் சிந்திய கறுப்புச் சொட்டைச் சுற்றிக்கொண்டு,
ஒற்றை வரிசையில்
தீவை நோக்கி எறும்புகள்.

அந்தப் பக்கம் மட்டும்
இரண்டாம் கோட் அடிக்கவில்லை.